பாட்டு போட்டவரு பேரையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' ஆல்பம் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துருந்துச்சு. ஆசையா உக்காந்து படிச்சேன், ரெண்டு தடவை படிச்சேன். சிவப்பு ஜாக்கெட் பத்தி இருக்கு, செத்தவங்க எந்திரிச்சு வந்து ஆடுற டான்ஸ் பத்தி இருக்கு, வீடியோ எடுத்த டைரக்டர் ஜான் லாண்டிஸ் பேரு இருக்கு, ப்ரொட்யூசர் குயின்சி ஜோன்ஸ் பேரு கூட ஒரு இடத்துல வருது. ஆனா அந்தப் பாட்டை எழுதி மெட்டும் போட்ட மனுஷன் ராட் டெம்பர்ட்டன் பேரு மேலருந்து கீழ வரைக்கும் எங்கயுமே இல்ல. அது கூட விட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கலாம், ஆனா 'மைக்கேல் ஜாக்சன் எழுதிப் பாடிய த்ரில்லர்'னு ஒரு வரி போட்டுருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அது தப்பு சார். மைக்கேல் பாடுனாரு, அந்தப் பாட்டுக்கு உயிர் குடுத்தாரு, அதுல யாருக்கும் சந்தேகமே இல்ல, ஆனா எழுதுனது அவரு இல்ல.

நான் யாருன்னு சொல்லிடறேன். மும்பை சயான் கோலிவாடால இருக்கேன், சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம், அப்பா காலத்துலயே இங்க வந்தாச்சு. சாசூன் டாக் பக்கத்துல மீன் ஏத்துமதி பண்ற ஒரு கம்பெனில 28 வருஷமா கணக்கு எழுதறேன், இறாலும் கணவாயும் உறைய வச்சு பெட்டி பெட்டியா கன்டெய்னர்ல போகும், எத்தனை பெட்டி எத்தனை கிலோ எந்த ஊருக்குன்னு பாக்குறது என் வேலை. சாயங்காலமும் லீவு நாள்லயும் கீபோர்டு வாசிப்பேன், நம்ம ஆளுங்க சேந்து ஒரு ஆர்கெஸ்ட்ரா வச்சுருக்கோம், தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர்னு கோயில் கொடை, கணபதி பந்தல், கல்யாண ரிசப்ஷன் எங்க கூப்பிட்டாலும் போவோம். இதை எதுக்கு சொல்றேன்னா, டெம்பர்ட்டனும் மொதல்ல மீன் கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து வேலை பாத்தவரு, அவரும் கீபோர்டு வாசிச்சவரு. இந்த விஷயம் எனக்குத் தெரிஞ்ச அன்னைலருந்து அந்த ஆளை எங்கயோ இங்கிலாந்துல இருந்த வெள்ளைக்காரர்னு என்னால பாக்க முடியல, பக்கத்து டேபிள்ல உக்காந்து வேலை பாத்தவரு மாதிரிதான் நெனைக்கத் தோணுது.

அவரு பொறந்தது 1949 அக்டோபர் 9, இங்கிலாந்துல லிங்கன்ஷயர் பக்கம் கிளீதோர்ப்ஸ்னு ஒரு கடலோர ஊரு. அதை ஒட்டியே கிரிம்ஸ்பி, அந்தக் காலத்துல அது பெரிய மீன்பிடித் துறைமுகம், நம்ம சாசூன் டாக் மாதிரின்னு வச்சுக்கங்க. குழந்தையா இருக்கும்போது அவங்க அப்பா கதை சொல்லித் தூங்க வைக்கிற ஆளு இல்லையாம், தொட்டில்ல ஒரு ட்ரான்சிஸ்டரை வச்சுட்டுப் போயிடுவாராம், ரேடியோ லக்ஸம்பர்க் கேட்டுக்கிட்டே தூங்குவேன்னு அவரே சொல்லிருக்காரு. இதைப் படிச்சப்ப எனக்கு எங்க வீட்டு மர்ஃபி ரேடியோதான் ஞாபகம் வந்துச்சு, அதுல சிலோன் ஸ்டேஷன் அலை அலையா ஏறி எறங்கி வரும், எங்க அம்மா தலைமாட்டுல வச்சு கேப்பாங்க. நம்மள்ல எத்தனை பேரு அப்படித் தூங்கிருப்போம்.

ஸ்கூல்ல ட்ரம்ஸ் வாசிச்சாரு, அப்புறம் கிரிம்ஸ்பில அந்த உறைய வச்ச மீன் கம்பெனில ஆபீஸ் வேலை, பிறகு கீபோர்டைக் கையில எடுத்துட்டு ஜெர்மனிக்குப் போயிட்டாரு, வோர்ம்ஸ்னு ஒரு ஊருல தங்கி கிளப்புகள்ல வாசிச்சுட்டு இருந்தாரு. அந்த நேரம் ஜானி வைல்டர்னு அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துக்காரர், ராணுவத்துல வேலை பாக்க ஜெர்மனி வந்தவரு, பாட்டுக்காக அங்கயே தங்கிட்டாரு, அவரு கீபோர்டு ஆளு வேணும்னு 'மெலடி மேக்கர்' பத்திரிகைல விளம்பரம் குடுக்குறாரு. டெம்பர்ட்டன் அதைப் பாத்து எழுதிப் போடுறாரு. 1974ல 'ஹீட்வேவ்' பேண்டுல சேந்துட்டாரு. பத்திரிகைல வந்த ஒரு சின்ன விளம்பரம்தான் சார் எல்லாத்துக்கும் ஆரம்பம், பத்திரிகை நடத்துற உங்களுக்கு இதை விட என்ன சொல்லணும்.

அந்த பேண்டுக்கு பாட்டு எழுத ஆரம்பிச்சாரு. 1976ல மொத ஆல்பம். 'பூகி நைட்ஸ்' பாட்டு 1977ல பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் ரெண்டுலயும் ரெண்டாவது எடத்துக்குப் போச்சு. கேட்டுருக்கீங்களா, டிஸ்கோ பாட்டுதான் ஆனா எடுத்த எடுப்புல ஜாஸ் மாதிரி மெதுவா ஹார்ப் சத்தத்தோட வரும், சரி ஏதோ சோகப்பாட்டு போலன்னு நெனைக்கும்போது பேஸ் கிட்டார் வந்து எறங்கும் பாருங்க, அங்கதான் அந்தாளு யாருன்னு தெரியும். அதே ஆல்பத்துலதான் 'ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர்', கல்யாணத்துல எல்லாம் போடுற காதல் பாட்டு, சின்ன ரூம்ல படுக்கை ஓரமா ஒரு பியானோவைப் போட்டுக்கிட்டு எழுதுனதுன்னு அவரு கூட இருந்தவங்க சொல்லிருக்காங்க. ஒரே ஆளு ஒரே ஆல்பத்துல ஆட வைக்கிற பாட்டும் அழ வைக்கிற பாட்டும் குடுக்குறதுங்கறது நமக்குப் புதுசு இல்ல, எம்எஸ்வி, ராஜா எல்லாரும் செஞ்சதுதான், ஆனா அங்க அது அபூர்வம்.

1978ல மேடை ஏறி வாசிக்கிறதை விட்டுட்டு எழுதுறது மட்டும்னு ஒதுங்கிட்டாரு. ஆனா பேண்டைக் கைவிடல, தொடர்ந்து அவங்களுக்கு எழுதிக் குடுத்தாரு. 1979ல வைல்டருக்கு பெரிய கார் விபத்து, கழுத்துக்குக் கீழ அசைவே இல்லாமப் போச்சு, அதுக்கப்புறமும் அந்த மனுஷன் பாடுனாரு, அவருக்கு டெம்பர்ட்டன் பாட்டு எழுதுனாரு. இதெல்லாம் ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இப்ப குயின்சி ஜோன்ஸ் விஷயத்துக்கு வரேன். மைக்கேல் ஜாக்சனோட 'ஆஃப் த வால்' ஆல்பத்துக்கு குயின்சி இவரைக் கேக்குறாரு. இவரு மூணு பாட்டு எழுதிட்டுப் போறாரு, மூணுல ஒண்ணை எடுத்துப்பாங்கன்னு நெனச்சுத்தான் மூணு. குயின்சி மூணையும் எடுத்துக்கிட்டாரு. 'ராக் வித் யூ', 'ஆஃப் த வால்', 'பர்ன் திஸ் டிஸ்கோ அவுட்'. ஆல்பத்துக்கே பேரு இவரு பாட்டோட பேருதான். 'ராக் வித் யூ' 1980 ஜனவரில அமெரிக்காவுல நம்பர் ஒண்ணு ஆகி நாலு வாரம் அங்கயே உக்காந்துச்சு.

நான் இந்தப் பாட்டை வாசிக்கிறவன்ங்கறதால கொஞ்சம் விவரமா சொல்றேன், பொறுத்துக்கங்க. மொதல்ல ஜான் ராபின்சனோட ட்ரம்ஸ் ஒரு சின்ன உருட்டு, அவ்ளோதான், அதுலயே கேக்குறவங்க கால் தானா தட்ட ஆரம்பிச்சுரும். அப்புறம் பாட்டு முழுக்க அவசரமே இல்லாமப் போகும், வேகமும் இல்ல சத்தமும் இல்ல, ஆனா உக்கார விடாது. கடைசி பாகத்துல சுருதியை அரைக்கட்டை ஏத்துவாரு, ஏத்துனதே தெரியாது, ஏதோ ரூம்ல லைட்டு கூடுன மாதிரி இருக்கும். மேடைல வாசிக்கும்போது அந்த எடத்துல பேஸ் ஆளும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் ஏறணும், கொஞ்சம் அசந்தாலும் பிசிறிடும். அதே மாதிரி மைக்கேல் குரலைக் கவனிச்சு, அவருக்கு சின்னச் சின்னதா வெட்டி வெட்டி வர்ற சொற்கள் நல்லா அமையுதுன்னு பாத்து 'ஆஃப் த வால்' மெட்டை அப்படி அமைச்சேன்னு டெம்பர்ட்டன் சொல்லிருக்காரு. டிஎம்எஸ் குரலுக்கு ஒரு மெட்டு, பிபிஎஸ் குரலுக்கு ஒரு மெட்டுன்னு நம்ம ஆளுங்க போட்டாங்களே, அந்த வேலைதான் இது. இதை வெறும் 'பாட்டு எழுதுறவரு'ன்னு சொல்லிட்டுப் போக முடியுமா.

அடுத்து 1982 நவம்பர் 30ல வந்த 'த்ரில்லர்'. மொத்தம் ஒம்பது பாட்டு. அதுல நாலு மைக்கேல் எழுதுனது, மூணு டெம்பர்ட்டன் எழுதுனது, மிச்சம் ரெண்டு வேற ஆளுங்க. அதாவது உலகத்துலயே அதிகமா வித்த ஆல்பத்துல மூணுல ஒரு பங்கு இந்த மீன் கம்பெனி ஆபீஸ்ல வேலை பாத்தவரோடது. 'த்ரில்லர்', 'பேபி பி மைன்', 'த லேடி இன் மை லைஃப்'. இதுல மூணாவது பாட்டைக் கேக்காதவங்க தயவுசெஞ்சு ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் ஒரு தடவை கேளுங்க.

'த்ரில்லர்'ங்கற பேரு எப்படி வந்துச்சுங்கறதும் சொல்லணும். மொதல்ல அந்த மெட்டுக்கு 'ஸ்டார்லைட்'னுதான் வரி இருந்துச்சு. குயின்சி வேற பேரு யோசின்னு சொல்லிட்டாரு. டெம்பர்ட்டன் ஹோட்டலுக்குப் போயி எரநூறு முந்நூறு தலைப்பு எழுதித் தள்ளிருக்காரு, 'மிட்நைட் மேன்'னு ஒண்ணை முடிவு பண்ணிட்டுப் படுத்துட்டாரு, காலைல எந்திரிச்சதும் வாயில வந்த வார்த்தை 'த்ரில்லர்'. இதான்னு அப்பவே தெரிஞ்சுருச்சாம். பாட்டு முடியிற எடத்துல ஒரு கிழட்டுக் குரல் பேசும் இல்ல, அது பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸ். அவரு பேச வேண்டியதை டெம்பர்ட்டன் ரெக்கார்டிங்குக்குப் போற டாக்ஸிலயே உக்காந்து எழுதுனாரு, போயி எறங்கும்போது பேப்பர் கையில ரெடி. நானும் கச்சேரிக்குப் போற வண்டில வச்சு பாட்டு லிஸ்ட் எழுதுறவன், ஆனா நாப்பது வருஷம் கழிச்சும் உலகம் பூரா பேசற வரிய டாக்ஸில எழுதுறதுங்கறது வேற, அந்த சாமர்த்தியத்தை நெனச்சா இன்னைக்கும் எனக்குப் பிரமிப்பா இருக்கு.

அதுக்கு நடுவுல ஜார்ஜ் பென்சனுக்கு 'கிவ் மி த நைட்', ப்ரதர்ஸ் ஜான்சனுக்கு 'ஸ்டாம்ப்', டோனா சம்மருக்கு ஒரு பாட்டு, இப்படி அவரு தொட்ட எல்லாமே ஓடுச்சு. 'த கலர் பர்ப்பிள்' படத்துல 'மிஸ் சீலீஸ் ப்ளூஸ்' பாட்டுக்கு குயின்சி, லயனல் ரிச்சி இவங்களோட சேத்து ஆஸ்கர் நாமினேஷன் கெடைச்சுது, ஆனா அந்த வருஷம் பரிசை வாங்குனது அதே லயனல் ரிச்சி எழுதுன வேற ஒரு பாட்டு. 1986ல 'ரன்னிங் ஸ்கேர்டு' படத்துக்குப் பாட்டு எழுதுனதோட ப்ரொட்யூஸ் பண்றதுலயும் இறங்குனாரு, அதுல மைக்கேல் மெக்டொனால்டு பாடுன 'ஸ்வீட் ஃப்ரீடம்' அமெரிக்காவுல ஏழாவது எடம் வரைக்கும் போச்சு.

இவ்ளோ செஞ்ச ஆளை ஏன் யாருக்கும் தெரியலன்னா, ஒண்ணு, அவரு வெளிய வர மாட்டாரு, பேட்டி குடுக்குறது ரொம்பக் கம்மி, பிபிசி ரேடியோவுல 2006ல அவரைப் பத்தி நிகழ்ச்சி செஞ்சப்ப அதுக்கு வச்ச பேரே 'கண்ணுக்குத் தெரியாத மனுஷன்'ங்கற அர்த்தத்துலதான். ஆனா அதை மட்டும் காரணமா சொல்லி நாம தப்பிக்கக் கூடாது. அங்க பாட்டுன்னா பாடுனவருக்குச் சொந்தம், மைக்கேல் ஜாக்சன் பாட்டு, மடோனா பாட்டுன்னுதான் சொல்வாங்க. நம்ம பழக்கம் அது இல்லயே சார். ஒரு புதுப்பாட்டு காதுல விழுந்தா நம்ம வீட்டுல மொத கேள்வி என்ன, 'மியூசிக் யாரு?' டீக்கடைல கேட்டாலும் அதான், ரயில்ல கேட்டாலும் அதான். சிலோன் ரேடியோவுலயும் விவித் பாரதிலயும் பாட்டு போடறதுக்கு முன்னாடி படம், எழுதுனவரு, இசை, பாடுனவங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டுத்தான் போடுவாங்க, அதைக் கேட்டு வளந்ததாலதான் படிக்காத எங்க அம்மாவுக்குக் கூட எந்தப் பாட்டு கண்ணதாசன், எந்தப் பாட்டு வாலின்னு தெரியும். இப்படிப்பட்ட பழக்கம் இருக்குற மொழில வர்ற பத்திரிகை, இங்கிலீஷ் பாட்டுன்னு வந்ததும் அந்தப் பழக்கத்தை விட்டுட்டு அவங்க மாதிரியே எழுதுறது எனக்கு ஒத்துக்கவே முடியல.

எனக்கே இந்தப் பேரு எப்படித் தெரிஞ்சுதுன்னா கேசட் அட்டைலருந்துதான். காலேஜ் படிக்கும்போது காலா கோடாவுல ரிதம் ஹவுஸ்ங்கற கேசட் கடைல த்ரில்லர் கேசட் வாங்குனேன், ரெண்டு மாச டியூஷன் காசு. உள்ள மடிச்சு வச்ச பேப்பர்ல எறும்பு மாதிரி எழுத்து, வெயில்ல போயி நின்னு படிச்சாத்தான் தெரியும். அதுல மூணு எடத்துல ஆர்.டெம்பர்ட்டன்னு பாத்தேன், யாரு இவருன்னு தேட ஆரம்பிச்சேன், அப்ப நெட்டு எல்லாம் கெடையாது, ஃபோர்ட்ல ரோட்டோரத்துல பழைய புத்தகம் விக்கிறவங்க கிட்ட வெளிநாட்டு மியூசிக் பத்திரிகை கெடைச்சா வாங்கி ஒவ்வொரு துண்டா சேத்தேன். இப்ப பசங்க போன்ல பாட்டு கேக்குறாங்க, பாடுனவரு பேரும் படமும் பெருசா வருது, எழுதுனவரு பேரைப் பாக்கணும்னா எங்கயோ அமுக்கி உள்ள போகணும், யாரு போறா. அப்ப பத்திரிகைக்காரங்கதான சொல்லணும்.

1996 நவம்பர் 1ஆம் தேதி மைக்கேல் ஜாக்சன் நம்ம மும்பைக்கு வந்தாரு, அந்தேரி ஸ்டேடியத்துல ப்ரோக்ராம். டிக்கெட் வாங்குற நெலமைல நாங்க இல்ல, எங்க ஆர்கெஸ்ட்ரா பசங்க நாலு பேரு வெளிய ரோட்டுல கூட்டத்தோட கூட்டமா நின்னு கேட்டோம். காத்து அடிக்கிற பக்கம் சத்தம் வரும் போகும். 'த்ரில்லர்' பேஸ் ஆரம்பிச்சதும் ரோடே கத்துச்சு, நானும் கத்துனேன், எங்க ட்ரம்மர் என் தோளைப் பிடிச்சு 'டேய் உன் ஆளு பாட்டுடா'ன்னான். அவன் இப்ப உயிரோட இல்ல. அவன் சொன்ன அந்த 'உன் ஆளு'ங்கற வார்த்தைதான் இந்த லெட்டரை எழுத வச்சுதுன்னு கூட சொல்லலாம்.

2016 அக்டோபர் 5ஆம் தேதி டெம்பர்ட்டன் கேன்சர்ல இறந்துட்டாருன்னு சேதி வந்துச்சு, வயசு 66, இறுதிச் சடங்கு எல்லாம் அமைதியா முடிச்சப்புறம்தான் வெளியவே சொன்னாங்க. அதே வருஷம் ஆரம்பத்துலதான் ரிதம் ஹவுஸையும் மூடுனாங்க. ரெண்டும் எனக்கு ஒரே துக்கமா இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல கோல்டு ஸ்டோரேஜ் பசங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன், இந்த மாதிரி நம்மள மாதிரி மீன் கம்பெனில இருந்த ஒருத்தருன்னு. மராட்டிப் பையன், பீகாருப் பையன், நம்ம தூத்துக்குடிக்காரரு ஒருத்தரு, எல்லாருக்கும் 'த்ரில்லர்' தெரியும், ஒருத்தருக்கும் இவரைத் தெரியல. போன்ல 'ராக் வித் யூ' போட்டேன், கம்பளிக் கோட்டைக் கழட்டாமயே நின்னு முழுசா கேட்டாங்க. தூத்துக்குடிக்காரரு மட்டும் 'அண்ணாச்சி, இவரு மீன் கம்பெனிலயே இருந்துருந்தா இந்தப் பாட்டு எல்லாம் என்ன ஆயிருக்கும்'னு கேட்டாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது.

நான் கேக்குறது ரெண்டே விஷயம். ஒண்ணு, போன வாரம் போட்ட அந்த வரிக்கு ஒரு திருத்தம், 'த்ரில்லர் பாடலை எழுதி இசையமைத்தவர் ராட் டெம்பர்ட்டன்'னு, அது சின்ன எழுத்துல வந்தாலும் பரவால்ல. ரெண்டாவது, இனிமே எந்த மொழிப் பாட்டைப் பத்தி கட்டுரை போட்டாலும், பாடுனவரு பேரு பக்கத்துலயே மெட்டு யாரு, வரி யாருன்னு ஒரு வரி சேத்துருங்க. கட்டுரை எழுதுற தம்பி தங்கச்சிங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, ஒரு போன் போட்டா என்கிட்ட இருக்குற பழைய பத்திரிகைத் துண்டு, கேசட் அட்டை எல்லாம் எடுத்துட்டு நானே ஆபீசுக்கு வந்து காட்டறேன்.

அக்டோபர் 9 அவரு பொறந்த நாள். எடம் இருந்தா அன்னைக்கு அவரைப் பத்தி ஒரு பத்தி போடுங்க சார், எழுத ஆள் இல்லன்னா நான் எழுதித் தரேன், பணம் எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சயான் கோலிவாடா, மும்பை